தேக்காவும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது அவ்வளவு ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரையை ஒன்றாகச் சேர்த்தால் 4 அல்லது 5 கிராம் தேறும். அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை ஓடுவது இதை நம்பித்தான். இது பாதியாகிவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு மடங்காகி அப்படியே நின்றுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து விழித்திரை, சிறுநீரகம், பாதத்தின் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்க்கும்.

இப்போது சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடிக்கு வாருங்கள். காலை எட்டு மணி. தேநீர்க் கடையில் குவளையின் அடியில் கெட்டிப்பால் இறங்குகிறது, மேலே சாயம் விழுகிறது, ஒரு கலக்கு. பக்கத்து மேசையில் புட்டு மாயம்: சுடச்சுட இடியாப்பம், தேங்காய்ப்பூ, மேலே தாராளமாக நாட்டுச் சீனி. அந்த ஒரு தட்டும் ஒரு குவளையும் உள்ளே போனால், ரத்தத்தில் மொத்தமாக இருக்கும் சர்க்கரையைப்போலப் பல மடங்கு குடலிலிருந்து வந்து சேர்கிறது. ஆனாலும் ஆரோக்கியமான உடம்பில் இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் அளவு ஏறத்தாழப் பழைய இடத்தில் இருக்கும். எப்படி என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மலைப்பாகவே இருக்கிறது.

உடம்பு தன் அளவுகளைக் காத்துக்கொள்ளும் இந்த வேலைக்கு ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று பெயர் வைத்தவர் ஹார்வர்டின் உடலியலாளர் வால்டர் கேனன். ஆண்டு 1926. அவருக்கும் முன்னோடியான பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்ட், வெளியே வெயிலோ பனியோ உடம்பின் உள்ளே உள்ள சூழல் மாறாமல் இருப்பதால்தான் சுதந்திரமாக வாழ முடிகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இவர்கள் சொன்ன சமநிலை, அசையாமல் நிற்கிற தராசு முள் அன்று. சர்க்கரை ஏறும், கணையம் சுரக்கும் இன்சுலின் அதை இறக்கும். இறங்கினால் குளுக்ககான் ஏற்றும். விடியலில் கார்ட்டிசால் எழுப்பும், இரவில் மெலட்டோனின் படுக்க வைக்கும். உடம்பு ஒவ்வொரு மணி நேரமும் உழைத்து ஈட்டுவது அந்தச் சமநிலை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ஹார்மோன் பேலன்ஸ்’, ‘செல் டீடாக்ஸ்’ என்ற பெயர்களில் பொடியும் கேப்சூலும் கைப்பேசித் திரை முழுக்க விற்பனைக்கு நிற்கின்றன. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கின்றன. சமநிலையைப் புட்டியில் அடைத்து யாரும் விற்க முடியாது. நம் கையில் இருப்பது, உடம்பின் மேல் நாம் ஏற்றும் சுமையைக் குறைப்பதும், சுமக்கிற தசைக்கும் செல்லுக்கும் வலுவூட்டுவதும்தான். சிங்கப்பூர்த் தமிழருக்கு இது பொதுவான அறிவுரை அல்ல, அவசரம்.

பத்தில் ஆறு

2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூரர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 சதவீதம். இன வாரியாகப் பார்த்தால் சீனர்கள் 9.7, மலாய்க்காரர்கள் 16.6, இந்தியர்கள் 17.2. ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரலில், அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தார். இப்படியே விட்டால் 2050இல் பத்து லட்சம் சிங்கப்பூரர்களுக்கு இந்த நோய் இருக்கும் என்பது அன்றைய கணிப்பு. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு முக்கியப் பகுதியை இதற்கு ஒதுக்கினார். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு இனிப்புநீர் என்று அவர் சொன்னபோது, தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களை எண்ணிப் பார்த்திருக்கும்.

‘குண்டாக இருந்தால்தானே வரும்?’ என்று இன்றும் கேட்கிறார்கள். இதற்கான பதில் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரே ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றுப் பக்கம். சிங்கப்பூர் 2005இல் எடைக் குறியீட்டின் எச்சரிக்கைக் கோட்டை 25இலிருந்து 23க்கு இறக்கியது ஆசிய உடம்பின் இந்த இயல்பைக் கருதியே.

செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சாப்பிட்டதும் வருகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிக்க வேண்டியது தசை. இன்சுலின் தசைச் செல்லின் சுவரில் வந்து தட்டியதும், உள்ளே காத்திருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேலே வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. தோலுக்கடியில் தங்க இடமில்லாத கொழுப்பு தசையிலும் கல்லீரலிலும் போய் ஒதுங்கும்போது இந்தத் தட்டல் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது. கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். ஆனால் அந்தச் சரியான எண்ணுக்குப் பின்னால் கணையத்தின் பீட்டா செல்கள் பல ஆண்டுகளாக ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும். ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருந்தால் மற்ற ஹார்மோன்களும் தடம் மாறுகின்றன. பெண்களுக்குச் சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் ரோமம் வளர்கிறது. சினைப்பை நீர்க்கட்டி என்று மகளிர் மருத்துவரிடம் போகிறார்கள். பலருக்கு வேர் கணையத்துக்கும் தசைக்கும் நடுவே இருக்கிறது. நம் இனத்துக்குக் கணையத்தின் கையிருப்பும் குறைவு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சீனப் பெண்மணிக்குத் தாங்குகிற சுமை தமிழ்ப் பெண்மணிக்குத் தாங்காமல் போகலாம்.

தட்டில் எது முதலில்

தட்டை மாற்றாமலே சுமையைக் குறைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஆய்வு இந்த ஊரில் நடந்ததுதான். பேராசிரியர் ஜெயக்குமார் ஹென்றி தலைமையில் இயங்கிய மருத்துவ ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில், ஆரோக்கியமான 16 பேருக்கு ஒரே உணவை வெவ்வேறு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறி, இறைச்சி, சோறு; மூன்றும் அதே அளவு. காய்கறியை முதலிலும், அடுத்து இறைச்சியையும், கடைசியில் சோற்றையும் சாப்பிட்டபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. அதற்காகக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டியும் வரவில்லை. முன்னால் போன நாரும் புரதமும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனையும் தூண்டுகின்றன. இன்று உலகமே விலை கொடுத்து வாங்கும் எடைக்குறைப்பு ஊசி பாவனை செய்வது இதே ஹார்மோனைத்தான்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் சீனர்கள், ஆள் எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் நம் வாழை இலைக்கு இது அப்படியே பொருந்துகிறது. நாம் கூட்டையும் பொரியலையும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறோம். பரிமாறியதும் முருங்கைக்கீரைப் பொரியலையும் அவரைக்காய்க் கூட்டையும் தனியாகச் சாப்பிட்டு, அடுத்து மீனையோ முட்டையையோ பருப்பையோ முடித்துவிட்டு, பிறகு சோற்றில் கை வைத்தால் போதும். சாம்பாரும் ரசமும் எங்கும் போய்விடாது. பஃப்ளோ சாலைக் காய்கறிக் கடைகளில் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சந்தையில் கிடைக்கிற அத்தனையும் கிடைக்கிறது: வாழைப்பூ, சுண்டைக்காய், கொத்தவரங்காய், பாகற்காய், பச்சை மொச்சை. இவ்வளவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிரியாணித் தட்டில் இரண்டு துண்டு வெள்ளரிக்காயோடு மதிய உணவை முடித்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாப்பிட்டு எழுந்ததும் பத்து பதினைந்து நிமிடம் நடப்பது இதற்கு அடுத்த படி. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து தட்டாமலே குளுட்-4 மேலே வருகிறது. பீட்டா செல்லுக்குக் கிடைக்கிற உண்மையான ஓய்வு இதுதான். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிப் பெருமாள் கோயில் வரை போனால் கணக்குச் சரியாக இருக்கும். எடை தூக்கும் பயிற்சியைப் பற்றி நம் பெண்களிடம் இன்னும் யாரும் போதுமான அளவு பேசவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பும் தசையும் அதோடு கரைகின்றன. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பது அந்த வயதில் எந்தச் சத்து மாத்திரையையும்விட மேல்.

தேநீருக்கு வருவோம். சிங்கப்பூர் அரசு 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் என்ற ஏ, பி, சி, டி தரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. அதற்கு விளம்பரம் செய்யவே தடை. சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் தாமாகவே சீனியைக் குறைக்கத் தொடங்கின. இந்தப் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017இல் 7.1 சதவீதமாக இருந்தது, 2023இல் 4.6 ஆனது. அறிவுரை பல ஆண்டுகளில் செய்யாததை ஓர் எழுத்து செய்துவிட்டது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் போட்டுத் தரும் பானங்களுக்கும் இது நீண்டது. ஆனால் சிறு வியாபாரங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே காப்பிக்கடைத் தேநீரான ‘தே’யின் மேல் எந்த எழுத்தும் இருக்கப் போவதில்லை. அங்கே நம் வாய்தான் குறியீடு. ‘சியூ டாய்’ என்றால் சீனி குறையும், ‘கோசோங்’ என்றால் சீனியே இல்லை, ‘தே-ஓ’ என்றால் பால் இல்லை. தே-ஓ கோசோங் பழகச் சில வாரங்கள் ஆகும். நாக்கு பழகிவிடும்.

ராத்திரி என்ற வேளை

கணையத்துக்கும் கடிகாரம் உண்டு. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 24 மணி நேரச் சுழற்சி எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே தோசையைக் காலை எட்டு மணிக்குச் சாப்பிடுவதும் இரவு பதினொன்றுக்குச் சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. இரவில் மெலட்டோனின் ஏறும்போது இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது, சர்க்கரை நெடுநேரம் ரத்தத்தில் தங்குகிறது. தூக்கம் குறைந்தால் இன்னும் மோசம். சிகாகோவில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு நாலு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். அந்த ஆறே இரவில் அவர்களின் சர்க்கரை தாங்கும் திறன் சரிந்தது, மாலையில் கார்ட்டிசால் உயர்ந்தே நின்றது.

இந்த ஊரில் நாலு மணி நேரம் தூங்குகிறவர்களைத் தேடி ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் போதும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களான நம் தம்பிகள் பலர் விடியுமுன் லாரி ஏறுகிறார்கள். மதியத்துக்கான கேட்டரிங் சாப்பாடு பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு சமைத்துக் கட்டப்பட்டு, விடியற்காலையில் விடுதிக்கு வந்து, நண்பகல் வரை வெக்கையில் கிடக்கிறது. பிரித்தால் மலைபோலச் சோறு, மெலிந்த குழம்பு, ஓரத்தில் ஒரு பிடி முட்டைக்கோஸ். இவர்களிடம் போய்க் காய்கறியை முதலில் சாப்பிடுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பையன்களின் ஹார்மோன் சமநிலை, சமையல்கூடம் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறது, முதலாளி கூடுதல் காசு கொடுத்துக் காயும் முட்டையும் சேர்க்கச் சொல்கிறாரா, லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்பவற்றில் இருக்கிறது. அவற்றை மாற்ற வேண்டியவர்கள் நாம்.

வேலைக் களைப்போடு சேர்ந்து வருகிற இன்னோர் ஆபத்தும் உண்டு. முட்டிவலி, முதுகுவலி இரண்டே நாளில் பறந்துவிடும் என்று கைக்குக் கை மாறும் ‘மூலிகை’ மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. இந்த வகை ஸ்டீராய்டு வெளியிலிருந்து வரும் கார்ட்டிசால் மாதிரிதான். மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மாத்திரையோடு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

விரதத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். செல் தன் பழுதான பகுதிகளைத் தானே தின்று புதுப்பிக்கும் ‘ஆட்டோஃபேஜி’க்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்த பிறகு, பட்டினி கிடந்தால் செல் புதிதாகும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஓசுமி அது நடக்கும் விதத்தை ஈஸ்ட்டில் கண்டறிந்தார். மனிதர் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் எந்த உறுப்பில் எவ்வளவு நடக்கும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி. தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுப்பவர் அதைப் பக்திக்காகச் செய்கிறார், அது வேறு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கி விழ நேரும். மற்றவர்களுக்கு, இரவு உணவை ஏழரைக்குள் முடித்து, காலைவரை வயிற்றைச் சும்மா விடுவதே போதுமான விரதம்.

கண்டாங் கெர்பாவ் பிள்ளைகள்

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், ஹேம்ப்ஷயர் சாலையில், இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் கட்டடங்கள்தான் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1924இல் பிரசவ மருத்துவமனையான அது, 1966இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000 பிரசவம் பார்த்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1997இல் பக்கத்திலேயே புதிய இடத்துக்குப் போய் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆனது. 2009இல் அந்த மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து கஸ்டோ என்ற ஆய்வைத் தொடங்கின. சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் 1,200க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்களையும் பிறந்த பிள்ளைகளையும் இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

அதில் தெரியவந்தவை நம் வீட்டுக் கதைகள். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், பிள்ளைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தாயின் உடம்பில் இன்சுலினைத் தடுக்கின்றன. தாயின் கணையம் ஈடுகொடுத்தால் ஒன்றுமில்லை. கையிருப்பு குறைவாக இருந்தால் சர்க்கரை ஏறிவிடும். பிறந்த சில நாளில் எடுத்த எம்ஆர்ஐ படங்களில், இந்தியக் குழந்தைகளுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பு சீனக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. யாஜ்னிக்கின் புகைப்படம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. இன்னொன்று: இரவில் நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்த கர்ப்பிணிகளுக்குக் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் குறைவாக இருந்தது. இப்படித் தெரிந்த பிறகுதான், யாருக்கு வரும் என்று ஊகித்துக்கொண்டிராமல், 2016 முதல் கேகே மருத்துவமனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 24ஆவது வாரத்துக்கும் 28ஆவது வாரத்துக்கும் இடையில் சோதனை செய்கிறது.

பிரசவம் ஆனதும், நஞ்சுக்கொடி வெளியேறியதும், பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வீடும் நிம்மதியாகிவிடும். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியவருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பிறகும் ஓராண்டிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால் அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி, கடந்த சில மாதங்களின் கணக்கைக் காட்டும். ஆனால் பிரசவ ரத்த இழப்புக்குப் பின் சில மாதங்கள் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆகவே குளுக்கோஸ் குடிக்கும் சோதனைதான். கருப்பட்டியும் நெய்யும் மணக்கும் பிரசவ லேகியத்தை உருட்டிக் கொடுக்கும் மாமியாரும் அம்மாவும் இந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது என்பதை நினைவில் வைத்து, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பத்தியத்தின் பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகப் போடலாம்.

பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமல்தான் பல பெண்கள் அந்தச் சோதனையைத் தவறவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போய், ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். கணவர் அன்றைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், அல்லது பாட்டி கூடவே போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தேதியை நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள். பதினாறாம் நாள் பெயர் சூட்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதலாம்.